கார் இல்லாமல் குமரிக்கு: ரயிலும் பேருந்தும் குளக்கரையும்

கன்னியாகுமரி ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே ரயில் இல்லை. நிலையத்தின் வாசலிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் கடல். இந்த ஒரு வசதியே சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல் இந்த ஊருக்கு வந்து, நாலு நாள் தங்கி, சுற்றிப் பார்த்துத் திரும்ப முடியும் என்பதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் நாகர்கோவிலிலிருந்து குமரிமுனைக்கு வரும் சாலை. சுசீந்திரம், வழுக்கம்பாறை, பொற்றையடி, கொட்டாரம், விவேகானந்தபுரம் என்று பார்க்க வேண்டிய ஊர்களெல்லாம் அந்த ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் விடிவதற்கு முன் தொடங்கி இரவு வரை பேருந்துகள் ஓடுகின்றன. காரில் வருகிறவர்கள் இந்தத் தூரத்தை அரைமணி நேரத்தில் கடந்து கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். வழியிலிருக்கும் குளங்களும் வயல்களும் மலையும் அவர்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் பச்சையாகவே நின்றுவிடுகின்றன. பேருந்தில் வந்து இறங்கி ஏறுகிறவர்களுக்குத்தான் நாஞ்சில் நாடு எனப்படும் இந்தப் பகுதி தெரிகிறது.

இந்தப் பகுதிக்கு ரயில் வந்தது மிகவும் தாமதமாக. சென்னையிலிருந்து போட்ட பாதை 1876-லேயே திருநெல்வேலியைத் தொட்டுவிட்டது. மேற்கே செங்கோட்டை கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு 1904-ல் ரயில் போனது. 1918-ல் அது திருவனந்தபுரம் வரை நீண்டது. கிழக்கே திருநெல்வேலி, மேற்கே திருவனந்தபுரம் என்று இரண்டு முனைகளிலும் ரயில் வந்து நின்ற பிறகும், நடுவிலிருந்த நாஞ்சில் நாட்டுக்கு இரும்புப் பாதை எட்டவில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானம் போய், 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வடக்கேயிருந்து வருகிறவர்கள் திருநெல்வேலியில் இறங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பேருந்தில்தான் வந்தார்கள். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதை திறக்கப்பட்டது. 1981 ஏப்ரலில் திருநெல்வேலி–நாகர்கோவில் பாதையும் வந்து சேர்ந்தது. இன்று இந்தச் சிறிய கடைசி நிலையத்திலிருந்து நாட்டின் மிக நீண்ட தூர வண்டிகள் கிளம்புகின்றன. அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, மூன்று நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு இங்கே வந்து சேருகிறது. இந்தியாவில் அதைவிட நீண்ட வழித்தடம் கொண்ட வண்டி வேறில்லை. இமயமலை அடிவாரத்துக் கட்ராவுக்குப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் இங்கிருந்துதான்.

திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் உண்டு. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரையும், வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் பெய்கிறது. இந்த இரட்டை மழையை நம்பித்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் இங்கே விளைகிறது. கார்த்திகை முதல் தை மாதத் தொடக்கம் வரை சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் வேன்களிலும் பேருந்துகளிலும் குமரிக்கு வந்து குவிகிறார்கள். அந்த நாட்களில் ரயிலில் இடம் கிடைப்பதும் அரிது, கடற்கரையில் கால்வைப்பதும் அரிது. கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி பின்பாதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை உள்ள வாரங்கள் எல்லா வகையிலும் நல்லவை. மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும். வடக்கேயிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. கும்பப்பூ கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் காலம் என்பதால் குமரிமுனையில் ஒரே இடத்தில் நின்று அது கடலில் எழுவதையும் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். வெயில் காலத்தில் மாலைச் சூரியன் வடக்கே நகர்ந்து கரைப்பக்கமாக மறைவதால், அந்த மாதங்களில் வருகிறவர்கள் ஏமாந்துபோவதுண்டு.

மாதம் முடிவானதும் முன்பதிவு. 2024 நவம்பர் முதல் ரயில்வேயில் முன்பதிவுக் காலம் 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் 120 நாள் இருந்தது. பொங்கலை ஒட்டி வர நினைப்பவர்கள் முதல் நாள் காலையிலேயே பதிவு செய்யாவிட்டால் காத்திருப்போர் பட்டியல்தான். தட்கல் பதிவு, வண்டி புறப்படும் நாளுக்கு முதல் நாள், ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. அதை நம்பிப் பயணத் திட்டம் போடுவது குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஆகாது.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு நல்ல வழிகள். ஒன்று, மாலையில் எழும்பூரிலிருந்து கிளம்பி மறுநாள் விடியற்காலை வந்து சேரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். ஒரு இரவு ரயிலில் கழிவதால் தங்கும் செலவில் ஒரு நாள் மிச்சம். இறங்கிய கையோடு சூரிய உதயத்துக்குப் போய்விடலாம். இன்னொன்று, 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத். அதிகாலையில் கிளம்பிப் பிற்பகலில் நாகர்கோவிலை அடைகிறது. கட்டணம் கூடுதல், படுக்கையும் கிடையாது. ஆனாலும் இந்தப் பாதையின் மிக அழகான பகுதியைப் பகல் வெளிச்சத்தில் காட்டும் வண்டி அது. வள்ளியூர் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை ரயிலுக்கு நெருங்கி வருகிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் கணவாய்க் காற்றில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. கணவாயைத் தாண்டி தோவாளை வந்ததும் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. செம்மண்ணும் உடைமரமும் போய், வயலும் தென்னையும் வாழையும் தொடங்குகின்றன. திருநெல்வேலிச் சீமையின் வறட்சியும் நாஞ்சில் நாட்டின் ஈரமும் சில நிமிட ரயில் ஓட்டத்தில் இடம் மாறுவதை இரவு வண்டியில் தூங்கி வருகிறவர்கள் பார்க்க முடியாது. போகும்போது இரவு வண்டி, திரும்பும்போது பகல் வண்டி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

எழும்பூர் நிலையத்தில் சீரமைப்புப் பணி நடப்பதால் சில வண்டிகள் இடையிடையே தாம்பரத்திலிருந்து கிளம்பியதுண்டு. ஆகவே புறப்படும் நாளில் எந்த நிலையம் என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நாகர்கோவிலுக்கு இரவு வண்டிகள் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து வாரத்தில் சில நாள் நேரே கன்னியாகுமரிக்கு வண்டி இருப்பதால் இரண்டு முனைகளையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

வெளியூரார் அதிகம் தடுமாறுவது எங்கே இறங்குவது என்பதில். நாகர்கோவிலுக்கு இரண்டு நிலையங்கள். ஜங்ஷன் கோட்டாறு பக்கத்தில் இருக்கிறது. டவுன் நிலையம் திருவனந்தபுரம் பாதையில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து கேரளத்துக்குப் போகும் வண்டிகள் சில, ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாகவே போய்விடும். பயணச்சீட்டில் எந்த நாகர்கோவில் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜங்ஷனிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் பாதை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். நடுவில் சுசீந்திரம், அகஸ்தீஸ்வரம் என்று இரண்டு சிறு நிறுத்தங்கள். அவற்றில் பயணிகள் வண்டிகள் மட்டும் நிற்கும். தங்குவதற்கு ஏற்ற கொட்டாரத்துக்குப் பக்கத்து நிலையம் அகஸ்தீஸ்வரம். ஆனால் அங்கே நிற்கும் வண்டிகள் மிகச் சிலவே என்பதால் அதை நம்பிக் காத்திருப்பதைவிட, கன்னியாகுமரி வரை போய் இறங்கிப் பேருந்தில் கொட்டாரத்துக்குத் திரும்புவதே நடைமுறைக்கு ஒத்துவரும். நாகர்கோவிலோடு நின்றுவிடும் வண்டியில் வருகிறவர்கள், நிலையத்திலிருந்து ஆட்டோவில் அண்ணா பேருந்து நிலையத்துக்கோ வடசேரிக்கோ போய்க் கன்னியாகுமரிப் பேருந்தைப் பிடிக்கலாம்.

தங்கும் இடத்தைப் பொறுத்துத்தான் கார் இல்லாப் பயணம் சுகமாகவோ சிரமமாகவோ அமையும். பெரும்பாலோர் கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று முக்கடல் கரைக்குப் பக்கத்திலேயே விடுதி எடுக்கிறார்கள். ஒரு இரவு மட்டும் தங்குவதானால் அது சரி. மூன்று நான்கு நாள் என்றால் கொட்டாரத்தை ஒட்டியோ, அதற்கும் குமரிமுனைக்கும் இடையிலோ தங்குவது பல மடங்கு மேல். கொட்டாரம் அகஸ்தீஸ்வரம் வட்டத்திலுள்ள பேரூராட்சி. குமரிமுனையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் வடக்கே நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. கடற்கரையின் இரைச்சலும் சுற்றுலாக் கடைகளின் விலையும் இங்கே இல்லை. சந்திப்பில் வந்து நின்றால் தெற்கே கடலுக்கும் வடக்கே சுசீந்திரத்துக்கும் பேருந்து கிடைக்கும். மருந்துக் கடையிலிருந்து தேநீர்க் கடை வரை, உள்ளூர்க்காரர்களுக்காக இருப்பவையே பயணிக்கும் உதவுகின்றன. கொட்டாரத்துக்கும் குமரிமுனைக்கும் நடுவே விவேகானந்தபுரத்தில், 1972-ல் தொடங்கப்பட்ட விவேகானந்த கேந்திரத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. அங்கே பயணிகள் தங்கும் அறைகள் உண்டு. வளாகத்தை ஒட்டிய கடற்கரையில் கூட்டமில்லாமல் விடியலைப் பார்க்கலாம்.

பேருந்து பற்றி ஒரு விஷயம். தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. குமரி மாவட்டத்தில் ஓடும் நகரப் பேருந்துகளுக்கும் அது பொருந்தும். பெண்கள் சேர்ந்து வரும் குழுவுக்கு உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது. நடத்துநரிடம் இறங்கும் ஊரைச் சொல்லி, அங்கிருந்து திரும்பக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவிட வேண்டும். நெடுஞ்சாலை ஊர்களில் இந்தக் கவலை இல்லை. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் போகும்போது மறக்கக் கூடாத கேள்வி அது.

ரயிலில் வந்து நீர்க்கரை ஊரில் தங்கும் பயணத்துக்கு உலகில் பேர்போன உதாரணம் இத்தாலியின் கோமோ ஏரி. மிலான் நகரின் மத்திய நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் வரென்னா என்ற சிற்றூருக்கு ரயில் போகிறது. அந்த வட்டார ரயிலுக்கு முன்பதிவே கிடையாது. கட்டணம் என்றும் ஒன்றுதான். நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் படகுத்துறை. ரயில் பாதையே இல்லாத பெல்லாஜோ போன்ற ஊர்களுக்கு அங்கிருந்து படகில் போகிறார்கள். ஏரிக்கரைச் சாலை குறுகலானது, கார் நிறுத்த இடமும் கிடைக்காது என்பதால், காரோடு வருகிறவர்தான் அங்கே திண்டாடுகிறார். கன்னியாகுமரியின் அமைப்பும் இதுதான். நிலையம், நடை, படகுத்துறை மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன. இங்கே இல்லாதது ஒன்று. வரென்னாவுக்கு மணிக்கு ஒன்று என்ற அளவில் வண்டிகள் வருகின்றன; நாகர்கோவில்–கன்னியாகுமரிக் கிளைப்பாதையில் உள்ளூர்ப் பயணிக்குப் பயன்படும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தண்டவாளம் இருக்கிறது, நிலையங்கள் இருக்கின்றன, ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. சிறிய வண்டி ஒன்று நாள் முழுக்க முன்னும் பின்னுமாக ஓடினால் சுசீந்திரமும் அகஸ்தீஸ்வரமும் கொட்டாரமும் எவ்வளவோ பயன் பெறும். அது வரும்வரை அந்த வேலையைப் பேருந்துகள் செய்துகொண்டிருக்கின்றன.

கடலுக்கான நாளை ஒழுங்கு செய்யும்போது படகிலிருந்து தொடங்க வேண்டும். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. காலையில் தொடங்கிப் பிற்பகலோடு சேவை முடிந்துவிடும். காற்று பலமாக இருந்தாலோ, கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகு நிறுத்தப்படும். எப்போது மறுபடி ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் படகை வந்த முதல் நாளிலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அன்று கடல் விடாவிட்டால் மறுநாள் இருக்கிறது. கடைசி நாளுக்குத் தள்ளிவைத்துப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் ஏராளம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறையில் 1970-ல் நினைவு மண்டபம் எழுந்தது. பக்கத்துப் பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து, ஒரு பாறையில் இறங்கி மற்றதற்கு நடந்தே போய்விட முடிகிறது. முன்பெல்லாம் அலை காரணமாகச் சிலைப் பாறைக்கு மட்டும் படகு போகாமல் நிற்கும் நாட்கள் பல. அந்தக் குறை நீங்கியிருக்கிறது. படகிலிருந்து இறங்கியதும் பகவதியம்மன் கோயில், 1956-ல் கட்டிய காந்தி மண்டபம் இரண்டையும் நடந்தே பார்த்து முடிக்கலாம். பகவதியம்மன் கோயிலிலும் சுசீந்திரத்திலும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

குளங்களுக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். இந்தப் பயணத்தின் உயிரே அந்த நாள்தான். நாஞ்சில் நாடு குளங்களால் கட்டப்பட்ட நாடு. பேச்சிப்பாறை அணையிலிருந்தும் பழையாற்றிலிருந்தும் கால்வாய்களில் வரும் நீர் ஒரு குளத்தை நிறைத்து அடுத்ததற்குப் போய், அங்கிருந்து வயலுக்குப் பாய்கிறது. சுசீந்திரம், தேரூர், மாணிக்கபுத்தேரி, பறக்கை, வேம்பனூர் என்று பேர்பேராக இருக்கும் இந்தக் குளங்கள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. பறவைகள் தாமாக வந்து சேர்ந்தன. ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்றிலேயே இந்தப் பகுதிக் குளங்களின் பெயர்கள் காணப்படுகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே பறந்து வரும் நீர்ப்பறவைகளுக்கு இந்தியப் பெருநிலத்தில் இவை கிட்டத்தட்டக் கடைசித் தங்குமிடம். 94 ஹெக்டேர் பரப்புள்ள சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும், ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புள்ள வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்கள் என்று நாடுகள் கூடி அங்கீகரித்த பட்டியல் அது. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971-ல் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

கொட்டாரத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துச் சூரியன் ஏறுவதற்குள் சுசீந்திரம் குளத்துக்கு வந்துவிட வேண்டும். குளம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் தேட வேண்டியதில்லை. கூழைக்கடாக்கள் கூட்டமாக நீரில் மிதக்கும். சங்குவளை நாரைகள் கரையோரச் சேற்றில் அலகை விட்டுத் துழாவிக்கொண்டு நடக்கும். தாமரை இலைகளின் மேல் இலைக்கோழிகள் கால் பரப்பி ஓடும். நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், அரிவாள் மூக்கன் ஆகியவை ஆண்டு முழுக்கக் கண்ணில் படுபவை. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து போன்ற விருந்தாளிகளும், நீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும் ஆலாக்களும் சேர்ந்துகொள்ளும். இருநோக்கி ஒன்று கையில் இருந்தால் போதும். கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் உடலிலுள்ள கொழுப்பைக் கரைக்கும் செலவு.

சுசீந்திரத்திலிருந்து தேரூருக்கு நெடுஞ்சாலையை விட்டு விலகி உள்ளே போக வேண்டும். தூரம் அதிகமில்லை, காலை வெயிலில் வயல்களுக்கு நடுவே நடந்தே போய்விடலாம், முடியாதவர்களுக்கு ஆட்டோ இருக்கிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்த ஊர் அது. தேரூர்க் குளத்தைச் சுற்றியுள்ள வரப்பும் கரையும் ஊர்க்காரர்களின் அன்றாடப் பாதைகள். துவைப்பதும் குளிப்பதும் மாடு கழுவுவதும் தாமரைப் பூப் பறிப்பதும் பறவைகளுக்குப் பத்தடி தள்ளி நடந்துகொண்டிருக்கும். மனிதப் புழக்கம் உள்ள பாசனக் குளத்திலேயே இவ்வளவு பறவைகள் தங்குவதுதான் இந்த ஈரநிலத்தின் தனிச்சிறப்பு. வேலி போட்ட சரணாலயங்களில் இந்த நெருக்கம் கிடைப்பதில்லை. மழைக்குப் பிந்திய நாளில் இந்தக் கரையில் ஒரு மணி நேரம் இருந்தவர், குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புவதும் சாலைக்காகக் கரையை வெட்டுவதும் எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் தானே உணர்ந்துகொள்வார்.

வெயில் ஏறியதும் சுசீந்திரத்துக்குத் திரும்பித் தாணுமாலயன் கோயிலுக்குப் போகலாம். உச்சிவேளைக்குப் பிறகு நடை அடைத்துவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் பகல் பன்னிரண்டுக்குள் போய்விட வேண்டும். சிவன், திருமால், பிரமன் மூவரும் ஒரே உருவாக வழிபடப்படும் இந்தக் கோயிலின் ராஜகோபுரம் 134 அடி உயரம். ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களும், உயரமான அனுமன் சிலையும், கோயில் எதிரே நடு மண்டபத்தோடு நிற்கும் தெப்பக்குளமும் நின்று பார்க்க வேண்டியவை. பூசை முறையில் கேரளத்தின் சாயலும் கட்டடத்தில் பாண்டிய நாட்டுச் சாயலும் கலந்திருப்பது, இந்த மண் இரண்டு அரசுகளுக்கும் நடுவில் இருந்ததன் அடையாளம்.

குளங்களின் நீர் போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க விரும்புகிறவர்கள் மணக்குடிக்குப் போகலாம். பழையாறு அங்கேதான் கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அங்கிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. கீழமணக்குடியும் மேலமணக்குடியும் பல உயிர்களைப் பறிகொடுத்தன. பின்னர் புதிய பாலம் கட்டப்பட்டது. பொழிமுகத்தின் ஓரத்தில் அலையாத்திச் செடிகளும், சுற்று வட்டாரத்தில் சாமிதோப்பு, புத்தளம் உப்பளங்களும் இருப்பதால் குளங்களில் காணாத கரைப்பறவைகளை இங்கே காணலாம். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வருகின்றன. சாமிதோப்பில் அய்யா வைகுண்டரின் தலைமைப் பதி இருக்கிறது. சாதிக் கொடுமைக்கு எதிராகத் தென் திருவிதாங்கூரில் எழுந்த முதல் பெரிய குரல் அவருடையது. இந்தப் பக்கம் பேருந்துகள் நெடுஞ்சாலையைப் போல அடிக்கடி வராது. அரை நாளுக்கு ஆட்டோ பேசிக்கொண்டு, மணக்குடி, உப்பளம், சாமிதோப்பு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே நேரத்துக்கும் பணத்துக்கும் கட்டுப்படியாகும்.

கொட்டாரத்தைச் சுற்றி இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. பொற்றையடிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் மருந்துவாழ்மலை, மூலிகைகளுக்குப் பேர்போனது. நாராயண குரு தவமிருந்ததாகச் சொல்லப்படும் பிள்ளைத்தடம் குகை இந்த மலையில் இருக்கிறது. விடியலில் ஏறத் தொடங்கி வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். குடிநீரைக் கையிலேயே கொண்டுபோக வேண்டும். உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குளங்களும் வயல்களும். வரைபடத்தில் படித்ததெல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிடும். மற்றொன்று கிழக்குக் கரையிலிருக்கும் வட்டக்கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைத் தளபதியான டச்சுப் படை அதிகாரி டி லனாய் மேற்பார்வையில் பலப்படுத்திய கருங்கல் கோட்டை. மதில் மேல் நின்றால் கடல் காற்று ஆளைத் தள்ளும். கொட்டாரத்திலிருந்து ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். மாலை நேரத்துக்கு ஏற்ற இடம்.

எல்லா இடத்துக்கும் கார் இல்லாமல் சுலபமாகப் போய்விடலாம் என்று சொன்னால் அது உண்மையாகாது. பத்மநாபபுரம் அரண்மனை வரை சிக்கல் இல்லை; நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு எந்நேரமும் பேருந்து உண்டு, அங்கிருந்து அரண்மனை பக்கம்தான். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, பேச்சிப்பாறை ஆகியவை வேறு கதை. பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் நிறுத்தத்தில் நிற்கும் நேரமே பார்க்கும் நேரத்தைவிட அதிகமாகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு ஒரு நாளைக் கொடுப்பது நல்லது. ஒன்றே ஒன்று என்றால் தொட்டிப்பாலம். பள்ளத்தாக்கின் மேலே நூறு அடிக்கும் அதிக உயரத்தில் பாசன நீரைச் சுமந்து செல்லும் அந்தப் பாலம், 1960-களில் காமராசர் காலத் திட்டத்தில் எழுந்தது. குளங்களைப் பார்த்த கண்ணுக்கு அதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

பேருந்தில் போகிறவருக்கு வழிச் சாப்பாடும் ஒரு லாபம். காலையில் புட்டும் ஆப்பமும், மதியம் அவியலும் துவரனும் சேர்ந்த சாப்பாடு, மாலையில் நாகர்கோவில் கடைகளில் ரசவடை. பனைக் காலத்தில் வந்தால் சாலையோரம் அக்கானி கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். சின்னதாக, வாசனையாக இருக்கும் மட்டிப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது சீக்கிரம் கனிந்துவிடும் என்பதால் ஊருக்கு எடுத்துப்போக நேந்திரம் சிப்ஸ்தான் தோது.

திரும்பும் நாளில் ஒரு வசதி, இது வண்டிகள் புறப்படும் நிலையம் என்பது. நடுவழி நிலையங்களில் இரண்டு நிமிடத்துக்குள் மூட்டை முடிச்சோடு முண்டியடித்து ஏறும் அவதி இங்கே இல்லை. வண்டி நடைமேடையில் முன்கூட்டியே நிற்கும். தொடக்க நிலையத்துக்கான இட ஒதுக்கீடும் பொதுவாக அதிகம் என்பதால், நாகர்கோவிலில் ஏறுவதாக இருந்தாலும் கன்னியாகுமரியிலிருந்து சீட்டு எடுத்து, ஏறும் நிலையத்தை நாகர்கோவில் என்று பதிவில் குறிப்பிடுவோர் உண்டு. விடுதி அறையைக் காலையில் ஒப்படைத்துவிட்டு மாலை வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள், பெட்டிகளை நிலையத்துப் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு நாள் முழுக்கக் கைவீசி நடக்கலாம். பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும், பயணச்சீட்டையும் காட்ட வேண்டும். மறுசீரமைப்புக்காக 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய தமிழக நிலையங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. பணியை ஒட்டி நுழைவாயிலோ அறையோ இடம் மாறியிருக்கலாம் என்பதால், வந்து இறங்கும் நாளிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் அலைய வேண்டியதில்லை.